கை விறைப்பு: குளிசைக்கு முதல் விரலைப் பாருங்கோ

மணிக்கட்டு எழுதியது:

"கை விறைக்குது, நரம்புக்கு என்ன குளிசை நல்லது?" எண்ட கேள்வி இங்க அடிக்கடி வருது. பதிலுக்கு ஆளாளுக்கு ஒரு விற்றமின் பேரை எழுதிப்போட்டுப் போகினம். எந்த விரல் எண்டு ஒருத்தரும் திருப்பிக் கேக்கிறேல்லை. அதை முதல்ல கேப்பம் எண்டுதான் இந்த இழை.

கையின் உணர்வுக்கு முக்கியமான நரம்பு மூண்டு. மீடியன் நரம்பு உள்ளங்கைப் பக்கமாகப் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி. அல்நார் நரம்பு சின்ன விரலும் மோதிர விரலின் மற்றப் பாதியும். ரேடியல் நரம்பு புறங்கையில, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில இருக்கிற தோல். மோதிர விரல்தான் இதில நல்ல சாட்சி. அதில ஒரு பாதி விறைச்சு மறுபாதி நல்லா இருந்தால், கோளாறு பெரும்பாலும் கழுத்துக்குக் கீழ, கைக்குள்ளதான். கழுத்து நரம்பு வேர் ஒரு விரலைப் பாதியாகப் பிரிக்காது.

செய்யவேண்டியது இதுதான். விறைப்பு இருக்கிற நேரத்தில கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. வேற ஒருத்தர் பஞ்சால மெல்லத் தொடவேணும், பிறகு பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால. உணர்வு மாறுற எல்லையைப் பேனையால தோலிலேயே கீறி, உள்ளங்கை, புறங்கை ரெண்டையும் போனில படம் எடுத்து வையுங்கோ. எத்தினை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்த நேரம் எண்டதையும் எழுதுங்கோ. கிளினிக்கில வைத்தியருக்கு உங்களோட இருக்கிற நேரம் கொஞ்சம். அந்தப் படம் அதை மிச்சம் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனைக் காகம் எழுதியது:

நல்ல இழை. ஆனால் பெரும்பாலான ஆக்கள் "முழுக் கையும் விறைக்குது" எண்டுதானே சொல்லுகினம்? ராத்திரி ரெண்டு மூண்டு மணிக்கு எழும்பிக் கையை உதறுற ஆக்களிட்ட எந்த விரல் எண்டு கேட்டால் தெரியாது எண்டுதான் பதில் வரும்.

மணிக்கட்டு எழுதியது:

அந்த உதறல்தான் பாதிப் பதில். ராத்திரி எழும்பிக் கையை உதறினால் சுகம் வருது எண்டால் முதல் சந்தேகம் கார்ப்பல் ரனல்தான், அதாவது மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள்ள மீடியன் நரம்பு நெரிபடுறது. அவையிட்டச் சின்ன விரலை மட்டும் தனியாகத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. "இது நல்லாத்தான் இருக்கு" எண்டு கனபேர் அப்பதான் கண்டுபிடிப்பினம்.

மணிக்கட்டில எலும்புகள் ஒரு தொட்டி மாதிரி அமைஞ்சிருக்கு. மேல தடிச்ச நார்ப்பட்டை ஒண்டு மூடி. உள்ளுக்க 9 தசைநாணும் மீடியன் நரம்பும் நெருக்குப்பட்டுக் கிடக்கு. நல்ல கையில, மணிக்கட்டு நேராக இருக்கேக்க, உள்ளழுத்தம் 2.5 மி.மீ. பாதரசம் அளவு. கார்ப்பல் ரனல் உள்ள கையில அதே நிலையில 32 அளவு, மணிக்கட்டை முழுசாக மடக்கினால் 90ஐத் தாண்டும். நித்திரையில கையை மடக்கித் தலைக்குக் கீழ வைக்கிறவைக்கு ஏன் விடியப்புறம் விறைக்குது எண்டதுக்கு இந்தக் கணக்கே போதும்.

வீட்டில பாக்கிறதுக்கு ஒரு சோதனை: ரெண்டு புறங்கையையும் ஒண்டோடொண்டு சேத்து, விரல் கீழ பாக்க, 60 செக்கன் மணிக்கட்டை மடக்கி வையுங்கோ. அதுக்குள்ள முதல் மூண்டு விரலில விறைப்போ மின்னுறதோ வந்தால் சந்தேகம் கூடும். வராட்டில் இல்லை எண்டு அர்த்தம் இல்லை. இன்னொரு அடையாளம், பெருவிரல் மேட்டின் தோல். அந்த இடத்து உணர்வுக்குப் போற கிளை ரனலுக்குள்ள போகாமல் வெளியால போகுது. விரல் விறைச்சு, மேட்டுத் தோல் நல்லா இருந்தால் ரனலுக்குள்ளதான் நெரிவு. மேட்டுத் தோலும் விறைச்சிருந்தால் இன்னும் மேல, முன்னங்கையிலோ கழுத்திலோ தேடவேணும்.

அந்த மேடு மற்றக் கையோட பாக்கேக்க தட்டையாகிப் போயிருந்தாலோ, சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டமாக இருந்தாலோ, இது ஸ்பிளின்ற் (மணிக்கட்டை வளையாமல் பிடிக்கிற பட்டி) கட்டிப் பாக்கிற கட்டம் இல்லை. நேரே வைத்தியரிட்டைப் போகவேணும்.

நூல்பந்து எழுதியது:

ஸ்பிளின்ற் கதை வந்தபடியால் ஒண்டு சொல்லவேணும். கொழும்பில பார்மசிகளில விக்கிற மணிக்கட்டு ஸ்பிளின்ற் கனக்க மேல்நோக்கி வளைஞ்சது, 20, 30 பாகை. சுளுக்குக்கு அது சரி. கார்ப்பல் ரனலுக்குப் பிழை, ஏனெண்டால் கையைப் பின்னுக்கு வளைச்சாலும் உள்ளழுத்தம் ஏறும். "ஸ்பிளின்ற் கட்டினேன், சுகமில்லை" எண்டு சொல்லுற கனபேரின்ர பிரச்சினை இதுதான்.

உள்ளங்கைப் பக்கத்துப் பையில ஒரு அலுமினியத் தகடு இருக்கும். வெளியில இழுத்து, மேசையில கிடத்தி, வளைவை அமத்தி நேராக்குங்கோ. முழுசாகத் தட்டையாக்கினாலும் பரவாயில்லை. திரும்பப் பையில விட்டுக் கட்டிப் பாருங்கோ: முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில நிக்கவேணும். விரலடியில இருந்து எண்ணினால் உள்ளங்கையில வாற முதல் ரேகையை ஸ்பிளின்ற் தாண்டக்கூடாது. தாண்டினால் விரல் மடங்காது, ரெண்டு நாளில கழட்டி எறிஞ்சு போடுவியள். பட்டியை இறுக்க வேண்டாம், கீழால ஒரு விரல் போகவேணும்.

இரவில மட்டும் போதும். ஆனால் 6 கிழமை ஒரு ராத்திரியும் விடாமல். எங்கட புழுக்கத்தில வேர்க்கும்தான், உள்ளுக்க மெல்லிய பருத்திச் சொக்ஸ் ஒண்டின் நுனியை வெட்டிப் போட்டால் தோல் அவியாது.

கொட்டாஞ்சேனைக் காகம் எழுதியது:

பகலில வேலை செய்யேக்க கட்டினால் கெதியாகச் சுகம் வராதோ?

நூல்பந்து எழுதியது:

கட்டிக்கொண்டு வேலை செய்தால் ஸ்பிளின்ற்றுக்கு எதிராகத் தசை இழுபடும், தோளும் முழங்கையும் நோகத் தொடங்கும். பகலில மணிக்கட்டு வளையாமல் வேலையை மாத்திறதுதான் சரி. கீபோர்ட்டின் பின்கால்களை மடக்கி விடுங்கோ, மவுசைக் கிட்டக் கொண்டுவாங்கோ, மோட்டார் சைக்கிள் கைப்பிடியை நெரிச்சுப் பிடிக்காதேங்கோ.

6 கிழமையில சரிவராட்டில் அடுத்தது ஸ்ரீரொயிட் ஊசி. அது நல்லா வேலை செய்யும், ஆனால் கனபேருக்கு மாதங்கள் போகத் திரும்ப வரும். சீனி வருத்தக்காரருக்கு ஊசி போட்ட பிறகு சில நாளைக்குச் சீனி ஏறும், முதலே தெரிஞ்சிருக்க வேணும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில வாறது பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு தானாகக் குறையும். அவைக்கு ஸ்பிளின்ற் மட்டும் போதும்.

சத்திரசிகிச்சை எண்டால் பயப்பட ஒண்டும் இல்லை. கையை மட்டும் விறைக்கப் பண்ணி அந்த நார்ப்பட்டையை வெட்டி விடுகினம். தையல் 10 முதல் 14 நாளில கழட்டலாம். ராத்திரி விறைப்பு சில நாளிலேயே போகும். உள்ளங்கையின் அடியில ஊண்டினால் நோகிறது மட்டும் 3 மாதம் வரை இழுக்கும். இதை முதலே சொல்லாட்டில் "ஒப்பரேசன் பிழைச்சுப் போச்சு" எண்டு கதை கிளம்பிடும்.

கறன்ற்காரன் எழுதியது:

நரம்புக் கடத்தல் சோதனை பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. தோலில மின்முனை ஒட்டி, சின்னச் சின்ன மின்னதிர்ச்சி குடுத்து, சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகுது, எவ்வளவு பெரிசாக வருது எண்டு அளக்கிறது. வேகம் மட்டும் குறைஞ்சிருந்தால் நரம்பின்ர உறைதான் கெட்டிருக்கு, நெரிவை எடுத்தால் நல்லா மீளும். அலை சின்னதாகிப் போயிருந்தால் உள் இழையே சாகத் தொடங்கீட்டு. முடிவுத் தாளில இந்த ரெண்டில எது எண்டு கட்டாயம் கேளுங்கோ.

குளிர்ந்த கையில நரம்பு மெதுவாகத்தான் கடத்தும். ஏசி அறையில ஒரு மணித்தியாலம் இருந்துபோட்டுக் கையை நீட்டினால் நல்ல நரம்பும் பழுது மாதிரித் தெரியும். கைத்தோல் 32 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது. குறைஞ்சால் சூடாக்கிப்போட்டுத்தான் அளக்கவேணும். அண்டைக்கு எண்ணெய், கிறீம் பூசக்கூடாது. மோதிரம் கழட்டவேணும். பேஸ்மேக்கர் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிச்சாலோ முதலே சொல்லவேணும்.

புதுக் காயத்துக்கு அடுத்த நாளே இந்தச் சோதனைக்கு ஓடுறது வீண். வெட்டுப்பட்ட நரம்பின் கீழ்த்துண்டு சில நாளைக்குக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். ஊசி விட்டுத் தசையைப் பாக்கிற பகுதியில அடையாளம் தெரிய 3 கிழமை அளவு போகும். அதோட, ஆரம்பக் கார்ப்பல் ரனலில சோதனை சரியாகவே வரலாம். கதை பொருந்தினால் சோதனைத் தாளை மட்டும் பாத்து "ஒண்டுமில்லை" எண்டு விடக்கூடாது.

செட்டியார்தெரு எழுதியது:

சின்ன விரல் பக்கத்தை விட்டிட்டியள். நகை வேலை செய்யிறவைக்குக் குறடு, கொத்து ரொட்டி போடுறவைக்குத் தகடு, ரெண்டும் உள்ளங்கையின் அடியிலதான் ஊண்டும். அங்க அல்நார் நரம்பு ஆழமில்லாமல் போகுது. வான் ஓடுறவை காலி வீதி நெரிசலில கண்ணாடி விளிம்பில முழங்கையை ஊண்டிக்கொண்டு இருக்கினம், அதே நரம்பு முழங்கையில நசியும். எந்த இடம் எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

மணிக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி அண்ணை. புறங்கையில சின்ன விரல் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கோ. அந்தத் தோலுக்கான கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிஞ்சு போயிடும். அங்கயும் விறைச்சிருந்தால் இடம் முழங்கைதான், அல்லது அதுக்கும் மேல. புறங்கை நல்லா இருந்து உள்ளங்கைப் பக்கம் மட்டும் விறைச்சிருந்தால் மணிக்கட்டில நசியுது. கருவி ஊண்டி நசியிற சிலருக்கு விறைப்பே இல்லாமல் பலம் மட்டும் குறையும், ஏனெண்டால் ஆழமாகப் போற கிளை தசைக்கு மட்டும்தான்.

பலத்துக்கு ஒரு கடதாசி போதும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவில கடதாசியை வைச்சு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு எதிரெதிராக இழுங்கோ. ஒரு கையில பெருவிரலின் நுனிமூட்டு மடங்கினால் அந்தக் கையில அல்நார் தசை பலமிழந்திட்டு, மீடியன் தசை அதின்ர வேலையைச் செய்யுது. புறங்கையில பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில குழி விழுந்திருக்கோ எண்டும் பாருங்கோ.

முழங்கை எண்டால்: கையை மடக்கினால் நரம்பு இழுபடும், அழுத்தமும் ஏறும். ராத்திரி ஒரு துவாயை முழங்கையைச் சுத்தித் தளர்வாகக் கட்டுங்கோ, முழுசாக மடங்காமல் இருந்தால் போதும். பகலில முழங்கையை ஊண்டாதேங்கோ, போனைக் காதில பிடிச்சு நீளமாகக் கதைக்காதேங்கோ. இடைக்கிடை வாற விறைப்புக்கு இது 3 மாதம் செய்து பாக்கலாம். தசை கரையத் தொடங்கினால் காத்திருக்கக்கூடாது. இந்த நரம்பு கைத்தசைக்குப் போக நீளத் தூரம், பிந்தினால் தசை திரும்பாது.

சீனிக்கணக்கு எழுதியது:

சீனி வருத்தம் இருந்தால் கை விறைப்பு எல்லாம் சீனியால எண்டு முடிவு கட்டுறது இங்க பெரிய பிழை. சீனி நீளமான நரம்பின் நுனியைத்தான் முதல்ல கெடுக்கும். கால்விரல், பாதம், கெண்டை எண்டு ஏறி, முழங்காலைக் கிட்டேக்கதான் விரல்நுனியில தொடங்கும், அதுவும் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. கால் நல்லா இருந்து ஒரு கை மட்டும் விறைச்சால் வேற காரணம் தேடுங்கோ. சீனி வருத்தக்காரருக்குக் கார்ப்பல் ரனலும் கூடுதலாக வரும், அதைக் குணமாக்கலாம். தைரொயிட் சுரப்புக் குறைஞ்சாலும் அப்பிடித்தான்.

வருசக்கணக்கில மெற்போமின் எண்ட சீனிக் குளிசை குடிக்கிறவையும், முட்டை, பால், மீன் ஒண்டும் தொடாத சைவக்காரரும் பி12 அளவைப் பாக்கவேணும். இரத்தச்சோகை இல்லாட்டிலும் நரம்பு கெடலாம். போலிக் அமிலம் மட்டும் குடிச்சால் இரத்தம் சரியாகும், நரம்பு உள்ளுக்க தொடர்ந்து கெடும்.

கொட்டாஞ்சேனைக் காகம் எழுதியது:

அப்ப பி விற்றமின் குளிசை போட்டால் என்ன பிழை? கூடினால் மூத்திரத்தில போயிடும்தானே.

சீனிக்கணக்கு எழுதியது:

பி6 அப்பிடி இல்லை. நாளுக்கு 100 மி.கி.க்கு மேல மாதக்கணக்கில போனால் அதே நரம்பைக் கெடுக்கும், குறைஞ்ச அளவிலயும் நடந்திருக்கு. நரம்புக்கு எண்டு விக்கிற கலவைக் குளிசையில கனக்க பி6 இருக்கும். கை விறைக்குது எண்டு தொடங்கி, விறைப்புக் கூடக்கூட குளிசையையும் கூட்டிக்கொண்டு போறவைக்கு இது நல்ல பொறி. பெட்டியில பைரிடொக்சின் (பி6இன்ர மற்றப் பேர்) எத்தினை மி.கி. எண்டு வாசியுங்கோ, நாளுக்கு எத்தினை குளிசை எண்டதால பெருக்குங்கோ, வேற மல்ரிவிற்றமின் இருந்தால் அதையும் கூட்டுங்கோ.

பிரிகபலின், கபாபென்ரின், அமிற்றிப்ரிலின் மூண்டும் எரிவையும் நோவையும் அடக்கும். நரம்பை வளர்க்காது, தொடுவுணர்வைத் திருப்பித் தராது. தூக்கம் தூக்கும், வாகனம் ஓடுறவை கவனம். சொந்தப் புத்தியில திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது.

கண்ணாடித்துண்டு எழுதியது:

வெட்டுக்காயம் தனிக் கதை. யன்னல் கண்ணாடி, தகரம், மீன்கத்தி. கண்ணாடி வெட்டின வாய் சின்னதாக இருந்தாலும் ஆழம் போயிருக்கும், நரம்பும் நாணும் அறுந்திருக்கும். காயத்தை நேரே துணியால அமத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கோ. கயிறு, ரப்பர் பாண்ட் கட்ட வேண்டாம், மஞ்சள், கோப்பித்தூள் போட வேண்டாம். தையல் போடுறவர் விறைப்பூசி ஏத்த முதல், விரல்நுனியில உணர்வு இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. ஊசி ஏத்தின பிறகு விறைப்பு நரம்பாலயோ ஊசியாலயோ எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. தோலை மட்டும் தைச்சு அனுப்பி, மாதக் கணக்குக்குப் பிறகு "விரல் இன்னும் விறைப்பு" எண்டு வாறது இதால.

சின்னப் பிள்ளைகள் சொல்லமாட்டினம். அறுந்த நரம்பின் விரல் வேர்க்காது. பிளாஸ்ரிக் பேனையை விரலில மெல்ல உரசிப் பாருங்கோ, நல்ல விரலில ஒட்டி ஒட்டிப் போகும், அறுந்ததில வழுக்கும். காயம் ஆறின பிறகு சந்தேகம் எண்டால் 40 பாகை அளவு இளஞ்சூட்டுத் தண்ணியில அரை மணித்தியாலம் ஊறவிடுங்கோ. நரம்பில்லாத விரல்நுனி சுருங்காது. சூட்டை மற்றக் கையால பாத்துப்போட்டு விடுங்கோ.

செட்டியார்தெரு எழுதியது:

தைச்ச நரம்பு எவ்வளவு நாளில வரும்?

கண்ணாடித்துண்டு எழுதியது:

1943இல செடன் எண்ட பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர் நரம்புக் காயத்தைப் பிரிச்ச மூண்டு வகைதான் இண்டைக்கும் அடிப்படை. நசிஞ்சு கடத்தல் மட்டும் நிண்டது: கிழமைகளில, மிஞ்சினால் 3 மாதத்தில முழுசாக வரும். கதிரையில கையைத் தொங்கப்போட்டு நித்திரை கொண்டு மணிக்கட்டு விழுறது பெரும்பாலும் இந்த வகை. உள் இழை அறுந்து வெளியுறை முழுசாக இருக்கிறது: தானாக வளரும். முழுசாக அறுந்தது: தைக்காமல் வராது.

வளர்ச்சி நாளுக்கு 1 மி.மீ. அளவு, அதுவும் முதல் மாதம் போகத்தான் கணக்குத் தொடங்கும். மணிக்கட்டிலயிருந்து விரல்நுனிக்கு 170 மி.மீ. எண்டு வைச்சால் 6, 7 மாதம். இடையில 4ஆம் மாதம் "ஒண்டும் வரேல்லை" எண்டு மனம் விடுகினம். விரலால நரம்பின் வழியைத் தட்டிக்கொண்டு வாங்கோ. மின்னுற இடம் மாதத்துக்கு 2, 3 செ.மீ. கீழ இறங்கினால் வளருது. ஒரே இடத்தில நிண்டால் திரும்பக் காட்டவேணும். தசைக்குத் தவணை இருக்கு. 12, 18 மாதத்துக்கு நரம்பு வந்து சேராட்டில் பிறகு வந்தும் பிரயோசனம் குறைவு. அதுவரை விரல் மூட்டு ஒவ்வொண்டையும் மற்றக் கையால நாளுக்கு 3, 4 தரம் முழுசாக மடக்கி நீட்டுங்கோ. நரம்பு வரேக்க மூட்டு இறுகிப்போயிருந்தால் வந்தும் பலன் இல்லை.

வத்தளையான் எழுதியது:

ஒருத்தரும் தொடாத ஒண்டு: தொழுநோய். கொழும்புக்குக் கிட்ட இருக்கிற ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை ஒல்லாந்தர் காலத்தது, 1708. அது பழங்கதை எண்டு நினைக்காதேங்கோ, மேல் மாகாணத்தில இண்டைக்கும் புது ஆக்கள் கண்டுபிடிக்கப்படுகினம். தோலில வெளிறின அல்லது சிவந்த தேமல், அதில சூடு தெரியாது, முழங்கையின் உள்பக்கத்தில அல்நார் நரம்பு கயிறாகத் தடிச்சிருக்கும், சின்ன விரல் வளையத் தொடங்கும். வெக்கப்பட ஒண்டும் இல்லை. மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். நரம்புப் பழுது தொடங்கி 6 மாதத்துக்குள்ள வந்தால் பிரெட்னிசலோன் எண்ட ஸ்ரீரொயிட் குடுத்து மீட்கிற வாய்ப்பு நல்லது. பிந்தி விரல் வளைஞ்சவைக்கும் வழி இருக்கு. வேற நாணை எடுத்து மாத்தித் தைக்கிற முறையை 1940களின் கடைசியில வேலூரில போல் பிராண்ட் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் தொழுநோய்க் கைகளுக்குச் செய்து காட்டினவர்.

கறன்ற்காரன் எழுதியது:

அவசரமானது ரெண்டு. ஒரு கை திடீரெண்டு விறைச்சு அல்லது பலமிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது கை நரம்பு இல்லை, மூளை. உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை, கடைசியாக நல்லா இருந்த நேரத்தைக் குறிச்சு வையுங்கோ.

மற்றது கழுத்து. ரெண்டு கையும் தடுமாறி, பொத்தான், சில்லறைக் காசு கைநழுவி, நடையும் இறுகினால் முண்ணாண் நெரிபடுது. 10 செக்கனில கையைப் பொத்தி விரிச்சுப் பாருங்கோ, 20 தரம் வராட்டில் பிந்தாமல் காட்டுங்கோ. அந்தக் கழுத்தை உருவி நெட்டி முறிக்கக் குடுக்காதேங்கோ.

நூல்பந்து எழுதியது:

உணர்வு வரும்வரை குசினியில: தாச்சிப் பிடி, அயன்பெட்டி, தேங்காய் திருவலை மூண்டுக்கும் நல்ல கை. விறைச்ச கையால கத்தியைத் தேவைக்கு மேல இறுக்கிப் பிடிப்பியள், பிடியில துணி சுத்தித் தடிப்பாக்கினால் அழுத்தம் பரவும். ராத்திரி படுக்க முதல் லைற்றுக்குக் கீழ விரல் ஒவ்வொண்டாகப் பாருங்கோ, சிவப்போ கொப்புளமோ இருந்தால் அடுத்த நாள் அந்த விரலுக்கு வேலை இல்லை. வேர்க்காத தோல் வெடிக்கும். தண்ணியில கொஞ்சம் ஊறவிட்டு, துடைச்ச கையோட வசிலின் பூசுங்கோ.

கொட்டாஞ்சேனைக் காகம் எழுதியது:

அலுமினியத் தகடு நேராக்கியாச்சு. மற்றவை வாங்கேக்க இடக்கை, வலக்கை பாத்து வாங்குங்கோ, பெட்டிக்குள்ள மாறிக் கிடக்குது.